தெமோதரையிலிருந்து லெப்டொப் அமெரிக்கா போன விவரம்

சேசு மரி சூசை

தெமோதரை,
புதன்கிழமை, மழை.

என் அன்பு மனைவி ரெஜினாவுக்கு,

உன் கணவன் சந்தியாகு எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நல்ல சுகம். மட்டக்களப்பில் நம் மகள் ஜெசீகாவும் சுகம் என்று அவளே சொன்னாள். பரீட்சை நடப்பதால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாய் சுகம். கூரையில் ஒழுகும் இடம் எந்தக் குறையும் இல்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அங்கே சைப்பிரஸில் உன் சுகத்தையும், நீ பார்த்துக்கொள்கிற மருலா அம்மாவின் முழங்காலுடைய சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலம் மிளகாய்த்தூளையும் பக்கத்து வீட்டு இருதயம்மாவின் மகள் கிருஷாந்தி கொண்டு வருகிறாள். உன்னைப் போலவே அவளுக்கும் அங்கே ஒரு வீட்டில் வேலை கிடைத்து, நாளைக்குக் காலையில் புறப்படுகிறாள். தூள் நானே வறுத்து அரைத்தது. கொஞ்சம் கறுப்பாக இருந்தால் அது மிளகாயின் நிறம் என்று எடுத்துக்கொள்.

நேற்று அந்தியில்தான் வீடியோவில் முகம் பார்த்துப் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஒரு வாரமாக ஏன் வரவில்லை என்று நீ கேட்டதற்கு நான் “வைஃபை கோளாறு” என்று சொன்னேன், நீ “சரி” என்றாய், அதோடு முடிந்துவிட்டது. ரெஜினா, அது இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை. நான் பட்ட பாட்டை யாராவது ஒருவர் முழுதாகக் கேட்க வேண்டும். நாயிடம் சொன்னேன், பாதியில் எழுந்து போய்விட்டது.

எல்லாம் ஆரம்பித்தது போன வாரத்துக்கு முந்திய ஞாயிறு. அதற்கு முந்தின நாள்தான் நீ சொன்னாய், மருலா அம்மாவின் மகன் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று. நான் ஞாயிறு பூசையிலும் அதைத்தான் யோசித்தேன், சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. அந்தியில் வழக்கம் போல சோற்றைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தேன். நீ அந்தப் பக்கம் ஃபோனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு மருலா அம்மாவுக்கு சூப் வைப்பாய், நான் இந்தப் பக்கம் சாப்பிடுவேன், பேசினாலும் பேசாவிட்டாலும் உன் கத்தி பலகையில் படும் சத்தம் எனக்குக் கேட்கும், நடுவில் மருலா அம்மா தலையை நீட்டி “கலிஸ்பேரா” என்று கையாட்டுவார், நானும் கலிஸ்பேரா சொல்வேன், அது தானே நம் வீட்டு வழக்கம். அன்றைக்குத் திறந்தால் நீ இல்லை, நீல நிறத்தில் ஒரு திரை, அதில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வருகிறது, அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. நான் கேட்டேனா அப்டேட்? உள்ளபடி இருந்தால் போதும் என்று இருக்கிறவனுக்கு எதற்கு அப்டேட்? ஆனாலும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிற ஆள் நான், அணைக்கவில்லை. சோறு ஆறியது, பருப்பில் ஆடை கட்டியது, வட்டம் சுற்றியது.

கடைசியில் திறந்துகொண்டது. வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. மேலே எல்ல ரோட்டில் வெள்ளைக்காரர் தங்குகிற கெஸ்ட் ஹவுஸின் பெயர் வந்தது. பக்கத்து வீட்டில் கிருஷாந்தியின் புருஷன் றொனியுடைய ஃபோனின் பெயர் வந்தது. நம் ரவுட்டருக்கு ஜெசீகா வைத்துவிட்டுப் போன பெயர் மட்டும் வரவில்லை. அவள் என்ன பெயர் வைத்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்: அம்மா வீடு. அந்த வரிசையை மேலும் கீழுமாக எத்தனை முறை பார்த்தேனோ, அம்மா வீட்டைக் காணோம். திரும்பிப் பார்த்தால் அலுமாரி மேல் ரவுட்டர் எல்லா விளக்கும் பச்சையாக எரிய, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

றொனியின் ஃபோனில் பேசியிருக்கலாம்தானே என்பாய். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் இந்த நாளெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே நடமாடுகிறார்கள். அவள் துணி காயப்போட்டால் அவன் கிளிப் எடுத்துக் கொடுக்கிறான். அந்தக் கதவைத் தட்டி, தம்பி உன் டேட்டாவில் என் பொண்டாட்டியோடு பேசிக்கொள்ளட்டுமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மேலும், இத்தனை காலம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷின் பழுதுபார்த்தவனுக்கு இந்த உள்ளங்கைப் பெட்டி ஒரு பொருட்டா என்று ஒரு திமிரும் இருந்தது. மெஷின் சத்தம் போட்டால் பழுது எங்கே என்று காது சொல்லும். இது சத்தமே போடாது. காதை வைத்துக் கேட்டேன், கதகதவென்று இருந்தது, அவ்வளவுதான். பழைய பல் பிரஷால் இடுக்கெல்லாம் தூசி தட்டினேன். அணைத்துப் போட்டேன், போட்டு அணைத்தேன். அலுமாரி மேலிருந்து சன்னலுக்கு மாற்றினேன், சன்னலிலிருந்து அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. அவர் என்ன செய்வார் பாவம், அவர் கையிலும் குழந்தை. பிறகு நீட்டு வயரில் செருகி வெளியே கொண்டுபோய் நமுனுகுல மலையைப் பார்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். இருதயம்மா வேலியோரம் வந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு, “அண்ணே, ஏதும் நேர்த்திக்கடனா?” என்று கேட்டார். “வைஃபையம்மா” என்றேன். “யாரு, அண்ணிக்கா?” என்று பதறினார். உனக்கு ஏதோ வியாதி என்று நினைத்துவிட்டார். அதை விளக்கி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

அடுத்த நாள் வைஃபை கம்பெனிக்கு ஃபோன் எடுத்தேன். நம் வீட்டுப் பள்ளத்தில் என் பட்டன் ஃபோனுக்கு சிக்னல் இல்லை என்பது உனக்குத் தெரியும், தண்ணித் தாங்கியடிக்கு ஏற வேண்டும். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், பாட்டுப் போட்டார்கள், கேட்டேன். சுபாஜினி என்று ஒரு பிள்ளை வந்தாள். நல்ல மரியாதை.

“வணக்கம் சார், ரவுட்டரில் இப்போது என்ன நிற விளக்கு எரிகிறது?”

“கொஞ்சம் இருங்கம்மா” என்று சொல்லி, ஃபோனைத் தாங்கிக் கட்டிலேயே வைத்துவிட்டு பள்ளத்தில் இறங்கி ஓடினேன். பச்சை. ஏறி ஓடி வந்தேன். “பச்சைங்க” என்றேன், மூச்சு வாங்குகிறது.

“நன்றி சார். அதில் மூன்றாவது விளக்கு மினுங்குகிறதா, நின்று எரிகிறதா?”

மறுபடி இறங்கினேன். நாயும் என்னோடு ஓடி வந்தது, அதற்கு ஒரே சந்தோஷம். நின்று எரிகிறது. ஏறி வந்தால் அந்தப் பிள்ளை போகாமல் இருந்தாள். “சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். “ஏத்தம்மா, ஏத்தம்” என்றேன். இனி ஓட முடியாது என்று புத்திசாலித்தனமாக ரவுட்டரைப் பிடுங்கிக்கொண்டு தாங்கியடிக்கே வந்துவிட்டேன்.

“இப்போது என்ன விளக்கு எரிகிறது சார்?”

“ஒன்னும் எரியலம்மா.”

“கரண்டில் செருகி இருக்கிறதா சார்?”

“இல்லம்மா, கையில இருக்கு.”

அந்தப் பக்கம் ஒரு பொய் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. பிறகு மெதுவாக, “வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா சார், விளக்கைப் பார்த்துச் சொல்ல?” என்று கேட்டாள். கம்பெனிக் கேள்விதான். நாய் இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் காசு முடிந்து லைன் அறுந்துவிட்டது.

மழை கொஞ்சம் விட்டதும் முந்தாநாள்தான் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன். பஜாரில் றிகாஸ் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார், நாற்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ஆள். கரண்டில் போட்டுத் தன் ஃபோனைப் பார்த்தார். “அம்மா வீடுன்னு ஒன்னு காட்டுதே, அதுதானா அங்கிள்?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெமோதரையில் காணாத அம்மா வீடு பதுளை பஜாரில் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் தெரிகிறது! “இதுல ஒரு கோளாறும் இல்ல. லெப்டொப்பைக் கொண்டாங்க” என்றார். ரவுட்டரை அங்கேயே விட்டுவிட்டு, போனவன் வந்தேன், வந்தவன் மறுநாள் போனேன்.

லெப்டொப் நனையக்கூடாது என்று உன் மண்ணிற சால்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறின உடனே ஒரு பொடியன் எழுந்து இடம் கொடுத்தான். நமக்கு வயசு தெரிகிறது போல என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா சால்வையைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சலா என்று இரக்கமாகக் கேட்டார். நான் விளக்கத்தான் நினைத்தேன், சிங்களத்தில் அப்டேட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், “கொஞ்சம்” என்று சொல்லிவிட்டேன். அவர் கையை நீட்டி சால்வை மேல் வைத்துப் பார்த்தார். இரவெல்லாம் சார்ஜ் போட்டிருந்ததா, வெளியே வரும்போது அணைக்கவும் மறந்துவிட்டேன், நல்ல சூடு. “ஐயோ” என்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம் தடவிப் பார்த்தார். குழந்தை சதுரமாக இருந்தது. அதற்குப் பிறகு ஹாலிஎல வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

றிகாஸ் வெகு நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

“அங்கிள், ஒங்க ரவுட்டர் பதிமூனாம் நம்பர் செனல்ல பேசிட்டு இருக்கு. அப்டேட்டு பண்ணினதுல லெப்டொப்புக்கு நாடு மாறிப்போச்சு. தான் அமெரிக்காவுல இருக்கிறதா நெனச்சிட்டு இருக்கு. அங்க பதிமூனாம் நம்பரே பாவிக்க மாட்டாங்க. அதனால ரவுட்டர் கூப்புடுறது லெப்டொப்புக்குக் கேக்கவே இல்ல.”

“அது மேசையை விட்டு எங்கயும் போகலியே தம்பி!”

“ஒடம்பு இங்கதான் அங்கிள். நெனப்புல போயிருச்சு.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. ஜெசீகா மட்டக்களப்புக்குப் போனாள், நீ சைப்பிரஸுக்குப் போனாய், நாளைக்குக் கிருஷாந்தி போகிறாள், கடைசியாக வீட்டில் எனக்குத் துணைக்கு இருந்த ஒன்று, அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அமெரிக்கா போய்விட்டதே! விசா இல்லை, மெடிக்கல் இல்லை, ஏஜென்சி இல்லை. அம்மா வீடு அலுமாரி மேல் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறது, முன்னால் இருக்கிறவனுக்குக் கேட்கவில்லை.

றிகாஸ் ரவுட்டரை ஆறாம் நம்பருக்கு மாற்றினார், லெப்டொப்பையும் இலங்கைக்குத் திருப்பிக் கூட்டி வந்தார். அடுத்த நிமிஷம் வரிசையில் அம்மா வீடு வந்து நின்றது. “இங்கயே ஒரு கோல் எடுத்துப் பாருங்க, சரியான்னு தெரியும்” என்றார். எடுத்தேன். மணி போகிறது, போகிறது, நீ எடுக்கவில்லை. அது நீ மருலா அம்மாவைக் குளிப்பாட்டுகிற நேரம், எனக்குத் தெரியும், ஆனாலும் கை எடுத்துவிட்டது. மணி போகிற நேரமெல்லாம் திரையில் முழுக்க என் முகம்தான் தெரிந்தது. மற்ற நாளில் நீ பெரிதாக இருப்பாய், நான் ஒரு மூலையில் முத்திரை அளவில் இருப்பேன், என்னை நான் பார்த்ததே இல்லை. யார் இந்த ஆள், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, யாராவது வருவார்களா என்று பார்க்கிற மாதிரி இருக்கிறானே என்று நினைத்தேன். றிகாஸ் சட்டென்று திரும்பிக்கொண்டு கையில் இருந்த ஸ்குரூ டிரைவரையே தேட ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நேற்று அந்தியில் நீ வந்தாய். சீனி டின் அதே இடத்தில் இருந்தது. மருலா அம்மா என்னைக் கண்டதும் கையைத் தட்டினார், இத்தனை நாள் நான் செத்துப்போனேன் என்று நினைத்திருப்பார் போல. நீ முதலில் சொன்னது, “என்னங்க, எளைச்சிட்டீங்க.”

“கெமரா அப்படிக் காட்டுது” என்றேன்.

“கொன்ட்ராக்ட் விஷயம் என்ன சொல்றீங்க?”

ஒரு வாரமாக மலை ஏறி இறங்கி, பஸ்ஸில் போய் வந்து, நான் தயார் செய்து வைத்திருந்தது வேறு. ஆனால் உன் பின்னால் அந்த வெள்ளைச் சமையலறை பளபளவென்று இருந்தது. குழாயைத் திறந்தால் உனக்குச் சுடுதண்ணி வருகிறது. என் தலைக்கு மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. “போடு ரெஜினா. ரெண்டு வருஷம் ஓடிரும்” என்றேன்.

“சரிங்க” என்றாய். குனிந்து வெட்ட ஆரம்பித்தாய்.

“கண்ணு ஏன் செவந்திருக்கு?”

“வெங்காயம்.”

பலகையில் இருந்தது எனக்குக் கரட் மாதிரித் தெரிந்தது. இந்தத் திரையில் நிறம் சரியாக விழுவதில்லை என்று நினைக்கிறேன், அடுத்த முறை பதுளைக்குப் போகும்போது றிகாஸிடம் காட்ட வேண்டும்.

ஆகவே ரெஜினா, இந்தக் கடிதத்தின் நோக்கம் என்னவென்றால், நீ என்னைப் பற்றி ஒன்றுக்கும் கவலைப்படக் கூடாது. வைஃபை சரியாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சமைக்கிறேன். ஒருவனுக்குச் சமைப்பதில்தான் அளவு தெரியவில்லை, மிச்சத்தை நாய் சாப்பிடுகிறது, அதுதான் கொஞ்சம் பருத்துவிட்டது. ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கிறார்கள், இந்த மாதம் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் வந்தார், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன், நேரமில்லை என்றார், ஆனாலும் வந்தார் அல்லவா. ஜெசீகாவின் படிப்பு முடிய வேண்டும், கூரையைப் பார்க்க வேண்டும், இரண்டு வருஷம் என்பது ஒன்றுமே இல்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். தைரியமாகக் கையெழுத்துப் போடு.

மாதா உனக்குத் துணையாக இருப்பாள். குளிருக்குச் சொக்ஸ் போட்டுக்கொள். மருலா அம்மாவுக்கு என் கலிஸ்பேராவைச் சொல். மழை சத்தத்தில் வேறு எழுத வரவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள கணவன்
ம. சந்தியாகு

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டி மேசையில் வைத்துவிட்டேன். இப்போது வியாழன் விடிந்துவிட்டது. கிருஷாந்தியின் பெட்டியை வான் வரைக்கும் கொண்டுபோக நானும் ஒரு பக்கம் பிடித்தேன், மறுபக்கம் றொனி. அவள் உள்ளே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். றொனி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அங்கிள், ஒங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு வருஷம் சீக்கிரம் போயிருமா?” என்று கேட்டான். அந்தப் பிள்ளைக்கு அந்த நேரம் ஒரு ‘ஆமா’ போதும். என் வாயில் அது வரவில்லை ரெஜினா. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், கடுதாசியை எடுத்து வாறேன் என்று வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டேன். கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியிருப்பதை நம்பாதே, நேற்று வீடியோவில் சொன்னதையும் நம்பாதே. கையெழுத்துப் போடாத. உனக்கு அங்கேயே இருக்கத்தான் ஆசை என்றால் இரு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்காகத்தான் போடுகிறாய் என்றால் வேண்டாம், வந்துரு. எல்லயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தண்ணி மோட்டர் பார்க்க ஆள் தேடுகிறார்கள், போன வாரமே போய்க் கேட்டு, வருவதாகச் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை. வான்காரர் ஹோன் அடிக்கிறார். பிரித்த கவரில் பசை போய்விட்டது, வீட்டில் வேறு பசை இல்லை, நேற்றுச் சோற்றை வைத்துக் கவரை ஒட்டுகிறேன். திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் ஒட்டிக்கொண்டு கிழிந்தாலும் கிழியும். மேலே உள்ளது எது கிழிந்தாலும் பரவாயில்லை, இந்தத் துண்டு மட்டும் உன் கைக்கு முழுதாக வந்து சேர வேண்டும்.